பேட்ரிக் மர்பி கிடைத்துவிட்டாரா? கொஞ்சம் பொறுங்கள்

அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போன மூதாதையரைத் தேடப் புதிதாக இறங்குபவர்கள் அதே சில பள்ளங்களில்தான் மாறி மாறி விழுகிறார்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறும், முன்னால் உள்ள 'ஓ', 'மக்' உதிரும் என்பதெல்லாம் இரண்டு நாளில் தானாகப் பிடிபடும். அதை விட்டுவிடுவோம்.

கிரிஃபித் மதிப்பீட்டில் பெயரைப் பார்த்ததும் ஒட்டவைப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. 1847-ல் கப்பலேறியவரை, 1850-களின் நடுவில் அச்சான, அயர்லாந்தின் மேயோ கவுண்டிக்கான (கவுண்டி என்றால் மாவட்டம் போன்றது) கிரிஃபித் பட்டியலில் 'கண்டுபிடித்து' குடும்ப மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குள் அவர் பாஸ்டனில் குடும்பமே நடத்திக்கொண்டிருப்பார்!

கிரிஃபித் மதிப்பீடு மக்கள்தொகைக் கணக்கு அல்ல, அயர்லாந்தின் நிலத்துக்கும் வீட்டுக்குமான வரி மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக வெளிவந்தது. நிலத்தையோ வீட்டையோ அனுபவிப்பவர் பெயர், குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு, அவ்வளவுதான். மனைவி மக்கள் இல்லை. கப்பலேறிய இருபது வயதுப் பையன் பெயரில் நிலம் இருந்திருக்காது. தகப்பனோ அண்ணனோ இருக்கலாம்.

முதலில் டவுன்லாந்தை, அதாவது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவை, அமெரிக்கப் பக்கத்து ஆவணங்களிலேயே கண்டுபிடியுங்கள். கல்லறைக் கல், உடன்பிறந்தாரின் இரங்கல் குறிப்பு, அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) திருமணப் பதிவேடு, 'பாஸ்டன் பைலட்' இதழில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல்போன நண்பர்கள்' விளம்பரங்கள் எல்லாவற்றையும் துழாவுங்கள். 1906-க்கு முந்தைய அமெரிக்கக் குடியுரிமைத் தாளை நம்பி உட்கார வேண்டாம். பெரும்பாலும் 'அயர்லாந்து' என்பதோடு நின்றுவிடும்.

ஊர் தெரிந்த பிறகு மதிப்பீட்டுக்கு வாருங்கள். ஒரே டவுன்லாந்தில் இரண்டு ஜான் மர்பி இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரோ தொழிலோ இருக்கும்: 'ஜான் மர்பி (பாட்)'. அதுதான் பிடி. நிலத்தின் வரைபட எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னாளில் திருத்தி எழுதப்பட்ட மதிப்பீட்டுப் புத்தகங்களில் அதே நிலத்தைத் தொடருங்கள். பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப்பெயரும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். கைமாறியதற்குச் சாவு காரணமாக இருக்கலாம், ஊரைவிட்டுப் போனதும் காரணமாக இருக்கலாம். இப்படியே 1901 கணக்கெடுப்புவரை வந்தால், அந்த வீட்டில் யார் எஞ்சினார்கள் என்று தெரியும்.

சிவில் பாரிஷும் கத்தோலிக்கப் பங்கும் ஒன்றென்று நினைப்பது

சிவில் பாரிஷ் என்பது அரசுப் பதிவுகளுக்கான நிலப்பிரிவு. கார்க் கவுண்டியின் ஸ்கிபரீன் நகரம் அபேஸ்ட்ரௌரி, க்ரே என்ற இரண்டு சிவில் பாரிஷ்களில் பரவிக் கிடக்கிறது. நிலப் பதிவுகள் சிவில் பாரிஷ்படி; ஞானஸ்நானம் கத்தோலிக்கப் பங்கின்படி. இரண்டின் எல்லையும் பெயரும் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

ஞானப்பெற்றோரைத் தாண்டிப் போவது

ஞானஸ்நானப் பதிவில் இருக்கும் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவுக்காரர்கள்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

குயின்ஸ்டவுனைச் சொந்த ஊர் என்று எழுதுவது

அது கப்பலேறிய துறைமுகம்.

1922 தீயில் எல்லாம் போயிற்று என்று கைவிடுவது

டப்ளின் ஆவணக் காப்பகத்தில் எரிந்தவற்றில் 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த (புராட்டஸ்டன்ட்) அயர்லாந்து திருச்சபைப் பதிவேடுகளும் அடக்கம். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையானவற்றை அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பங்கின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். மேற்குக் கவுண்டிகளில் பல 1830-களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன.