ஷெர்ரி ஃபினிஷ் மால்ட்டுக்கு எத்தனை மில்லி தண்ணீர்?

விஸ்கி வடிசாலைகளிடமிருந்து விஸ்கி நிறைந்த பீப்பாய்களை வாங்கித் தம் பெயரில் புட்டியில் அடைக்கும் தனி நிறுவனங்கள் ஸ்காட்லாந்தில் நெடுங்காலமாக உள்ளன. கேடன்ஹெட் 1842-லும், எல்ஜின் நகரத்துக் கார்டன் அண்டு மெக்ஃபெயில் 1895-லும், சிக்னேட்டரி 1988-லும் தொடங்கப்பட்டவை. இவற்றின் புட்டிகள் பல, தண்ணீர் கலந்து வலிமை குறைக்கப்படாமல், பீப்பாயிலிருந்து இறக்கிய வலிமையிலேயே வருகின்றன. ஆகவே வடிசாலை தன் தொழிற்சாலையில் செய்யும் கடைசி வேலையை, அதாவது நீர் சேர்க்கும் வேலையை, நாமே நம் கோப்பையில் செய்ய வேண்டியிருக்கிறது. ஷெர்ரி என்னும் ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாயில் முடிக்கப்பட்ட, 57.1 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்துச் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி) ஒன்றை வைத்து நான் இதைக் கற்றுக்கொண்டேன். அதே புட்டியின் கணக்கையே இங்கும் தருகிறேன்.

முதற்படி: லேபிள்

வயது என்று அச்சிட்டிருப்பது ஓக் பீப்பாய்களில் கழிந்த மொத்தக் காலமாகும். 12 ஆண்டு என்றிருந்தால் பன்னிரண்டு ஆண்டுகளும் ஷெர்ரிப் பீப்பாயில் இருந்ததாகக் கொள்ளக் கூடாது. ஃபினிஷ் என்ற சொல் இருந்தால், பெரும்பகுதிக் காலம் பெரும்பாலும் பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயிலும், கடைசிச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஷெர்ரிப் பீப்பாயிலும் கழிந்திருக்கும். அந்தக் கடைசிக் காலம் எவ்வளவு என்பதைச் சொல்லும் லேபிளையே நான் விரும்பி வாங்குகிறேன். ஒலரோசோ என்றால் வறண்ட, கொட்டைப்பருப்பு மணமுள்ள ஷெர்ரி. பெத்ரோ ஹிமெனெஸ் என்றால் உலர்திராட்சைப் பாகு போன்ற கடும் இனிப்பு. இக்காலத்து ஷெர்ரிப் பீப்பாய்களில் பெரும்பாலானவை, விஸ்கிக்காகவே ஸ்பெயினின் ஹெரேஸ் வட்டாரத்தில் ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தப்பட்டவை. ஷெர்ரியைப் பீப்பாயோடு பிரிட்டனுக்கு அனுப்பும் வழக்கம் 1980களில் முடிவுக்கு வந்ததே இதற்குக் காரணம்.

இரண்டாம் படி: கோப்பை

வாய் குறுகிய கிளென்கேர்ன் கோப்பை போதும். அகன்ற கண்ணாடித் தம்ளர் மணத்தைச் சிதறவிடும். 30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஷெர்ரிப் பீப்பாய்களைக் காப்பதற்குக் கந்தகம் எரிக்கும் வழக்கம் உண்டு. அதனால் சில புட்டிகளில் கொளுத்திய தீக்குச்சியின் வாடை முதலில் எழும். மெல்லிய வாடையாக இருந்தால் காற்றுப் பட்டதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாம் படி: தண்ணீர்

நான் தவறு செய்த இடம் இதுதான். 57.1-ஐ 45 ஆக்க வேண்டுமென்றால், இரண்டுக்கும் இடையிலான 12.1 விழுக்காட்டையே தண்ணீராகச் சேர்க்க வேண்டும் என்று எண்ணி, 30 மி.லி.க்கு 3.6 மி.லி. நீர் விட்டேன். உண்மையில் அதனால் கிடைத்தது ஏறத்தாழ 51 விழுக்காடு. நான் 45-இல் குடிப்பதாக நம்பிக்கொண்டு, நாக்கைப் பிடித்த துவர்ப்பையும் தொண்டை எரிச்சலையும் பீப்பாயின் குற்றமாக எண்ணி, நல்லதொரு மால்ட்டைப் பல வாரங்கள் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

சரியான கணக்கு இது: கோப்பையில் உள்ள அளவை இப்போதைய விழுக்காட்டால் பெருக்கி, வேண்டிய விழுக்காட்டால் வகுத்தால், இறுதியில் இருக்க வேண்டிய மொத்த அளவு கிடைக்கும், அதிலிருந்து முதலில் இருந்த அளவைக் கழித்தால் மீதி தண்ணீர். 30 × 57.1 ÷ 45 என்பது ஏறத்தாழ 38. ஆகவே 8 மி.லி. நீர் தேவை. 50 விழுக்காடு போதுமென்றால் 4.3 மி.லி. சேர்த்தால் போதும்.

45 என்ற எல்லையை நான் வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தலில், விஸ்கியின் மணப்பொருள்களுள் ஒன்றான குவாயகால், 45 விழுக்காடு வரையிலான கலவையில் நீர்மத்தின் மேற்பரப்பை ஒட்டியே தங்குவதும், 59-க்கு மேல் உள்ளே அமிழ்ந்துவிடுவதும் தெரியவந்தது. என் புட்டியிலும் 45-க்கு அருகில் வந்தபோதுதான் துவர்ப்பு தளர்ந்து, அத்திப்பழமும் ஆரஞ்சுத் தோலும் தெளிவாக எழுந்தன.

அளப்பதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும், ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சைவிடச் சிறந்த கருவி எதையும் நான் காணவில்லை. விஸ்கிக்கென்றே விற்கும் கண்ணாடிச் சொட்டுக்குழாய் அழகாக இருக்கிறது. ஆனால் 8 மி.லி. சேர்க்க அதில் நூற்றைம்பது சொட்டுக்கு மேல் எண்ண வேண்டும். குளோரின் வாடையுள்ள குழாய்நீரைத் தவிர்த்து, கனிமம் குறைந்த புட்டி நீரை அறை வெப்பத்தில் பயன்படுத்துங்கள்.

பின்னர் சேர்த்தது

முதலில் 50-இல் சுவைத்துவிட்டு, பிறகு மீதி 3.7 மி.லி.யையும் விட்டதாகவும், விஸ்கி நீர்த்துப்போனதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இடையில் குடித்த அளவைக் கழிக்க வேண்டும் என்பதை நான் எழுதாமல் விட்டது பிழை. 34.3 மி.லி.யில் பத்து மி.லி. குடித்திருந்தால் எஞ்சுவது 24.3, அதை 50-இலிருந்து 45-க்குக் கொண்டுவர 2.7 மி.லி. நீரே போதும்.

தண்ணீர் விட்டதும் கலங்குகிறது, போலிச் சரக்கோ என்று இருவர் கேட்டிருந்தனர். குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியில் தங்கியிருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள், வலிமை 46-க்குக் கீழே இறங்கும்போது பிரிந்து மெல்லிய மூட்டமாகத் தெரியக்கூடும். புட்டியில் குளிர்வடிகட்டல் இல்லை என்று அச்சிட்டிருந்தால், அந்த மூட்டம் எதிர்பார்க்க வேண்டியதே, தயங்காமல் குடிக்கலாம்.