துப்பாக்கிக் குழலில் சிறு பாகங்களைப் பற்றவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியின் குழலில் பற்றவைக்கப்படும் பாகங்கள் எல்லாமே சிறியவை. குறிபார்ப்பதற்காக முன்முனையில் நிற்கும் தகடு, கெட்டிக்கும் கோலைத் தாங்கும் வளையங்கள், குழலை மரக்கட்டையோடு ஆணியிட்டுப் பிணைக்க அடியில் வைக்கப்படும் காது ஆகியவற்றில் பெரும்பாலானவை சில கிராம் எடைக்கு மேல் இருப்பதில்லை. வேலை கெட்டுப்போகும்போது, அநேகமாக, செய்பவரின் கவனம் முழுவதும் அந்தச் சிறு பாகத்தின் மீதே இருந்திருக்கும். ஆனால் சூட்டை விழுங்குவதும் குழல்தான், வளைந்தால் எளிதில் நிமிராததும் குழல்தான், மருந்து வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்கவேண்டியதும் குழல்தான். ஆகவே ஒவ்வொரு முடிவையும் குழலின் பக்கமிருந்து பார்த்து எடுப்பது நல்லது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, குழலுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் சுவாலையைக் காட்டுவது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் வீரியம் குன்றாமல் கிடக்கும். அலங்காரமாகச் சுவரில் தொங்கிய பழைய துப்பாக்கிக்குள் கெட்டித்த மருந்து அப்படியே இருந்ததுண்டு. சோதிப்பது எளிது. ஒரு மரக்கோலைக் குழலின் அடிவரை விட்டு, வாயருகே கோலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதே கோலை வெளியில் எடுத்துக் குழலின் மேல் படுக்க வைத்து, கோட்டை வாய்முனையோடு பொருத்திப் பாருங்கள். கோலின் நுனி மருந்துக்குத் தீ செல்லும் துளைக்குச் சற்றேறக்குறைய நேராக வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே எதுவோ இருக்கிறது என்று பொருள். அந்தக் குழலை அனுபவமுள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் ஒப்படைப்பதுதான் முறை. வெறுங்குழலாக இருந்தாலும் வாயையும் தீத்துளையையும் ஒருசேர அடைத்துவிட்டுச் சூடாக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் விரிந்து அடைப்பைத் தூக்கி எறியும். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் அதையும் முன்கூட்டியே துடைத்தெடுத்துவிடவேண்டும்.

அடுத்தது, எந்த உலோகத்தால் பற்றவைப்பது என்பதில் வரும் தவறு. வலுவாக இருக்கட்டும் என்று பலர் வெள்ளி கலந்த கடினமான பற்றுலோகமாகிய வெள்ளிப் பற்றை நாடுகிறார்கள். அது உருகுவதற்கு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டைக் குழலின் ஒரே இடத்தில் ஏற்றினால் உள்சுவரில் செதில் படியும், குழல் கோணவும் கூடும், பின்பகுதியானால் அழுத்தம் அதிகமாக எழும் இடத்திலேயே உலோகத்தின் தன்மை மாறும் அபாயமும் உண்டு. வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த சால்டர் என்னும் பற்றுலோகம் 183 டிகிரியில் உருகிவிடுகிறது. ஏறத்தாழ 96 பங்கு வெள்ளீயமும் எஞ்சியது வெள்ளியுமான சால்டர் 221 டிகிரியில் உருகுகிறது. காரீயக் கலவையைவிட உறுதியானதும் நெடுநாள் பளபளப்பு மங்காததும் இதுதான். பெயரில் வெள்ளி இருப்பதால் இதையும் வெள்ளிப் பற்றையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புபவர்கள் பலர், வாங்கும்போது உருகுநிலையைப் பார்த்து வாங்குங்கள். குறிபார்க்கும் தகட்டுக்கும் வளையத்துக்கும் குறைந்த சூட்டில் உருகும் இந்த மென்பற்றே போதும். அடிப்பரப்பு நன்றாகப் பொருந்தியிருந்தால் அது கைப்பிடியில் அசையாது.

பொருத்தம் என்று சொல்லும்போதுதான் பெரும்பாலானோரின் பொறுமை தீர்ந்துபோகிறது. எண்கோணக் குழலில் தட்டையான முகம் இருப்பதால் சிக்கல் குறைவு. உருண்டைக் குழலிலோ பாகத்தின் அடிப்பக்கம் குழலின் வளைவையே கொண்டிருக்கவேண்டும். இடைவெளி இருந்தால் சால்டர் நிரப்பிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பிழையானது. உருகிய சால்டர் சுமார் 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒடுக்கமான இடைவெளியில் தானே ஏறிப் பரவும். அகலம் கூடக்கூட அந்த ஏற்றமும் குறையும், இணைப்பின் வலுவும் குறையும், ஏனெனில் அங்கே சுமையைத் தாங்குவது எஃகல்ல, மெத்தென்ற ஈயம். நான் செய்யும் முறை இது: எமரித் தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி அந்த இடத்திலேயே குழலில் சுற்றி, பாகத்தை அதன் மேல் முன்னும் பின்னுமாகத் தேய்ப்பேன். பிறகு தாளை எடுத்துவிட்டு, குழலில் விளக்குப் புகையை மெல்லிதாகப் படியவைத்து, பாகத்தை ஒருமுறை அழுத்தி எடுப்பேன். கரி ஒட்டிய இடங்கள் மேடு, ஒட்டாத இடங்கள் பள்ளம். மேடுகளை மட்டும் அரத்தால் தொட்டுத் தொட்டு எடுக்க, நாலைந்து முறைக்குள் அடிப்பக்கம் முழுவதும் சீராகக் கருத்துவிடும். கடைசியில் அந்தக் கரியைத் துடைக்க மறந்துவிடாதீர்கள். புகைக்கரி இருக்கும் இடத்தில் சால்டர் ஒட்டாது.

ஒட்டாத இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். பாகத்தை அதன் இடத்தில் வைத்துச் சுற்றிலும் கூர்முள்ளால் கோடு கீறி, கோட்டுக்கு உள்ளே மட்டும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, கோட்டுக்கு வெளியே மெழுகில்லாத மென்பென்சிலால் அழுத்தி நிரப்பினால், சால்டர் அந்த எல்லையைத் தாண்டிப் பரவுவதில்லை. நீலமோ பழுப்போ ஏற்றிய குழலின் மேல் நேரடியாகப் பற்றவைக்க முயல்வது வீண்வேலை. அந்த நிறமே ஓர் ஆக்சைடுப் படலம் என்பதால் சால்டர் அதில் பிடிக்காமல் முத்துமுத்தாக உருண்டோடும். தேய்த்தபின் அந்தப் பரப்பை விரலால் தொடுவதும் கூடாது.

இனி சூடு. பாகத்தின் மேலேயே சுவாலையைப் பிடிப்பது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. சில விநாடிகளில் பாகம் கொதித்து, சால்டர் பிடிப்பதற்காகத் தடவிய ஃப்ளக்ஸ் கருகி, வைத்த சால்டர் உருகி வெள்ளிபோல மின்னும். வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அடியில் குழல் இன்னும் கை வைக்கும் சூட்டில்தான் இருக்கும். உருகிய சால்டர் சூடான பரப்பை நோக்கியே ஓடும் என்பதால் அது பாகத்தின் மேலேறிப் படர்ந்துவிட்டு, குழலோடு வெறுமனே உறைந்து நிற்கும். அப்படிப்பட்ட இணைப்பைச் சிறு சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பாகம் தனியே தெறிக்கும். குழலில் சால்டர் பிடித்த சுவடே இருக்காது. மின்சார சால்டரிங் அயர்னும் இங்கு உதவாது, அது தரும் சூட்டைக் குழல் நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போய்விடும்.

சரியான முறையில், இரு பரப்புகளிலும் முதலில் தனித்தனியே மெல்லிய ஈயப்பூச்சு ஏற்றி, சூடாக இருக்கும்போதே மிச்சத்தைப் பருத்தித் துணியால் வழித்தெடுத்து, ஆறியபின் மீண்டும் ஃப்ளக்ஸ் தடவிச் சேர்த்துக் கட்டவேண்டும். பிறகு கேஸ் டார்ச்சின் மென்மையான சுவாலையைக் குழலின் அடிப்பக்கத்தில், பாகத்துக்கு இருபுறமும் ஒரு சாண் தூரம் போய்வருமாறு அசைத்துக்கொண்டே காட்டுங்கள். அவ்வப்போது சுவாலையை விலக்கி, சால்டர் கம்பியின் நுனியால் குழலைத் தொட்டுப் பாருங்கள். குழலின் சூட்டிலேயே கம்பி உருகும் நொடியில் பாகத்தின் விளிம்பைச் சுற்றி நூலிழைபோல ஒரு வெள்ளிக் கோடு தோன்றும், பாகம் மயிரிழை அளவு கீழே அமரும், அதோடு நிறுத்திவிடவேண்டும். தேய்த்த எஃகில் நீல நிறம் ஏறினால் அது ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, தேவைக்கு மிக அதிகம். ஃப்ளக்ஸ் கருகிவிட்டால் மேலும் மேலும் சால்டர் ஊட்டிப் பயனில்லை, ஆறவிட்டுத் தேய்த்து முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.

பித்தளைப் பாகமானால் இன்னொரு கணக்கும் உண்டு. 200 டிகிரி சூடேறும்போது, ஒரு மீட்டர் நீளத்திற்குப் பித்தளை எஃகைவிட ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். சிறு வளையத்தில் இது பொருட்டல்ல, குழல் நீளத்துக்குப் போகும் பட்டையில் பொருட்டுதான். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையே மென்பற்றால் நிற்பது என்பதால், ஒரு வளையத்தை ஒட்டப்போய்ப் பட்டையைக் கழற்றிவிடும் ஆபத்து இருக்கிறது; அனுபவம் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கட்டுவதற்குக் கனமான கிளாம்ப் வேண்டாம், அதுவும் சூட்டைக் குடிக்கும், அழுத்தித் திருகினால் சால்டர் முழுவதையும் பிதுக்கி வெளியே தள்ளும். மெல்லிய கறுப்பு இரும்புக் கம்பியால் கட்டிச் சிறு ஆப்பு வைத்தால் போதுமானது. துத்தநாகம் பூசிய கம்பியைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். ஆறும்போது அசைக்கவும் கூடாது, தண்ணீரில் முக்கவும் கூடாது. வெள்ளீயமும் காரீயமும் சரிபாதியாகக் கலந்த சால்டர் உறைவதற்குள் சுமார் 30 டிகிரி அளவுக்குக் கூழ்போன்ற நிலையில் இருக்கும். அப்போது அசைந்தால் இணைப்பு மங்கலாகவும் மணல்மணலாகவும் உறைந்து, உள்ளே விரிசலோடு நிற்கும்.

துத்தநாகக் குளோரைடு சேர்ந்த ஃப்ளக்ஸ் எஃகுக்கு நன்றாக வேலை செய்கிறது, அதே வேகத்தில் அரிக்கவும் செய்கிறது. முதன்முதலில் நான் வைத்த குறித்தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன். மூன்று வாரத்தில் தகட்டைச் சுற்றி ஆரஞ்சு நிறத் துரு வளையம் போட்டிருந்தது. சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பல்துலக்கும் பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, வெந்நீரில் அலசி, குழலின் உள்ளும் புறமும் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசவேண்டும். வழிந்த சால்டரை அரத்தால் ராவினால் குழலில் கீறல் விழும். செம்புத் துண்டு ஒன்றைக் கூராக்கிச் சுரண்டினால் ஈயம் மட்டும் போகும். சால்டர் பழுப்பு நிறத்தை ஏற்காது என்பதால் இங்கே விட்டுவைத்த துளியெல்லாம் பின்னர் வெள்ளைக் கறையாகப் பல்லிளிக்கும்.

முன்தகட்டை முதலிலேயே அளவாக அராவிவிடாமல் உயரமாகவே விட்டுவையுங்கள், அதைக் குறைக்கக் குறைக்கக் குண்டு விழும் இடம் மேலேறும். நிறமேற்றும் வேலையைப் பற்றவைத்த பிறகே செய்யவேண்டும், அதிலும் காரக் கரைசலைக் கொதிக்கவைத்து நீலமேற்றும் தொட்டியில் இந்தக் குழலை இறக்கக் கூடாது. அந்தக் காரம் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் அரித்துத் தின்றுவிடும். துருப்பிடிக்கவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, தேய்த்து நிறமேற்றும் பழைய முறையில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் பற்று அப்படியே நிற்கிறது.