டெனார் பேஞ்சோவில் கட்டை விரலால் கார்டு பிடிப்பது எப்படி?

டெனார் பேஞ்சோவுக்கு நாலே தந்திதான். கிட்டாரில் ஆறு தந்தியோடு மல்லுக்கட்டியவர்கள் இதை எடுத்ததும் "நாலுதானே, ஒரு கை பார்த்துடலாம்" என்பார்கள். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி. இரண்டாவது ஃப்ரெட்டில் டி மேஜர் என்ற கார்டைப் பிடிக்கச் சொன்னால் தெரியும் சேதி: சுண்டு விரல் எட்டவே எட்டாது. அங்கேதான் கட்டை விரல் கை கொடுக்கிறது. கழுத்துக்குப் பின்னால் சும்மா முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் விரலை மேல்பக்கமாகக் கொண்டுவந்து, தடித்த நாலாவது தந்தியை அதைவைத்தே அமுக்குகிறோம்.

நம்மூரில் பேஞ்சோ என்று சிலர் சொல்வது பொத்தான் அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங்கை. நான் சொல்வது அமெரிக்காவில் உருவான, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய, நீண்ட கழுத்துள்ள வாத்தியம்.

விரல் ஏன் எட்டுவதில்லை?

வழக்கமான ட்யூனிங்கில், அதாவது தந்திகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையில், தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை சி, ஜி, டி, ஏ என்ற மேற்கத்திய சுரங்கள். நம் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் ச–ப தூரம், அதாவது 7 ஃப்ரெட். கிட்டாரில் பெரும்பாலும் 5 ஃப்ரெட்தான். அதனால் ஒரே கார்டின் சுரங்கள் இங்கே தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

19 ஃப்ரெட் வாத்தியத்தில் தந்தியின் நீளம் 58 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-வது ஃப்ரெட்டுக்கும் 5-வது ஃப்ரெட்டுக்கும் நடுவே 8 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. அதே மூன்று ஃப்ரெட் தூரம் 7-லிருந்து 10 வரை என்றால் 6 சென்டிமீட்டர் சொச்சம்தான். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. கழுத்து ஒல்லி. தலைப்பக்கம் தொடங்கும் இடத்தில் அதன் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். சாதாரண கிட்டாரில் 4.3, கிளாசிக்கல் கிட்டாரில் 5-க்கு மேல். கட்டை விரலை மேலே கொண்டுவந்தால் கிளாசிக்கல் ஆசிரியர் திட்டுவார். அவருடைய கழுத்து அகலத்துக்கு அது நியாயம்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸும் மெர்ல் டிராவிஸும் கிட்டாரிலேயே இப்படிப் பிடித்தவர்கள். அதைவிட ஒல்லியான பேஞ்சோவில் நாம் தயங்க வேண்டியதில்லை.

படி 1: கழுத்தைத் தாங்காதீர்கள்

வாரை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். வலது முன்கை வட்டச் சட்டத்தின் மேல் படியட்டும். இப்போது இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள். கழுத்து கீழே சாய்ந்தால் வாரின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். கழுத்தைத் தூக்கிப் பிடிக்கிற கையால் கட்டை விரலை நகர்த்தவே முடியாது.

படி 2: கட்டை விரல் மட்டும்

மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பது மாதிரி கழுத்தைப் பிடியுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கழுத்து உட்காரலாம், ஆனால் இறுக்க வேண்டாம். கட்டை விரலின் நுனி மூட்டை லேசாக மடக்கி, நாலாவது தந்தியை 2-வது ஃப்ரெட்டில், ஃப்ரெட் கம்பிக்குச் சற்றே முன்னால் அமுக்குங்கள். நாலாவது தந்தியைத் தனியாகத் தட்டுங்கள். பிறகு மூன்றாவது தந்தியை.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மூன்று கோளாறு வரும்.

மூன்றாவது தந்தி "டொக்" என்று செத்த சத்தம் கொடுத்தால், கட்டை விரல் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டது. நகத்தை ஒட்டிய சதை மட்டும் தந்தியில் பட்டால் போதும். நாலாவது தந்தி கிர்ர் என்று இரைந்தால், விரல் ஃப்ரெட் கம்பியைவிட்டு விலகியிருக்கிறது. கட்டை விரல் பின்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும், பார்த்துப் பார்த்து முன்னே கொண்டுவர வேண்டும். மூன்றாவது கோளாறுதான் திருட்டுத்தனமானது: சத்தம் சுத்தமாக வரும், ஆனால் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். கட்டை விரல் தந்தியைப் பலகையை நோக்கி அமுக்காமல் மூன்றாவது தந்திப் பக்கம் தள்ளுகிறது என்று அர்த்தம். ட்யூனரைப் போட்டுக்கொண்டே அமுக்கிப் பாருங்கள், முள் உடனே காட்டிக்கொடுக்கும்.

படி 3: ஜி மேஜர், 2-0-0-2

எண்களைத் தடித்த தந்தியிலிருந்து படிக்க வேண்டும். நாலாவது தந்தி 2-வது ஃப்ரெட் கட்டை விரல். நடுவில் இரண்டும் திறந்தபடி. முதல் தந்தி 2-வது ஃப்ரெட் ஆள்காட்டி விரல். ஆள்காட்டி விரலின் உள்ளங்கைப் பக்கம் இரண்டாவது தந்தியை உரசாமல் வளைந்து நிற்கட்டும். பிக்கால் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, நாலும் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கட்டை விரலை எடுக்காமல் கார்டு மாற்றுதல்

எட்டாத தூரத்தை எட்டுவதற்காக மட்டும் இந்த உத்தியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதைவிட இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. நாலாவது தந்தியின் 2-வது ஃப்ரெட்டில் இருப்பது டி. அந்த ஒரு சுரம் கீழே உள்ள நாலு கார்டுக்கும் பொது:

ஜி: 2-0-0-2
ஈ மைனர் 7: 2-0-2-2
ஜி 7: 2-0-3-2
டி 7: 2-2-4-3

கட்டை விரல் ஆணி அடித்தாற்போல் அங்கேயே இருக்கும். ஈ மைனர் 7-க்கு நடு விரலை இரண்டாவது தந்தியின் 2-வது ஃப்ரெட்டில் வையுங்கள். ஜி 7-க்கு அதே விரலை ஒரு ஃப்ரெட் தள்ளினால் ஆயிற்று. டி 7 மட்டும் மொத்தமாக மாறும்: ஆள்காட்டி மூன்றாவது தந்தி 2-வது ஃப்ரெட், மோதிர விரல் இரண்டாவது தந்தி 4-வது ஃப்ரெட், நடு விரல் முதல் தந்தி 3-வது ஃப்ரெட். கட்டை விரல் அசையாததால் மற்ற விரல்களுக்குக் கண்ணை மூடினாலும் இடம் தெரியும்.

இதோடு திறந்த சி மேஜரைச் சேருங்கள்: 0-0-2-3, ஆள்காட்டியும் நடு விரலும் போதும். இங்கே மட்டும் கட்டை விரலைத் தந்தியிலிருந்து எடுக்கலாம். எடுத்தாலும் கழுத்தின் விளிம்பிலேயே காத்திருக்கட்டும். ஜி, ஈ மைனர் 7, சி, டி 7 என்று ஒவ்வொன்றுக்கும் நாலு தட்டு, தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து. எத்தனையோ பாட்டுக்கு இந்த நாலே போதும்.

படி 5: இப்போது அந்த டி மேஜர்

2-2-4-5. வழக்கமான முறையில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து நாலாவது, மூன்றாவது தந்திகளைச் சேர்த்து அமுக்குவார்கள். விரல் படுத்துவிட்டால் மற்றவை நீள்வதற்கு இடமில்லை. கட்டை விரல் நாலாவது தந்தியை எடுத்துக்கொண்டால் ஆள்காட்டி நிமிர்ந்து நிற்கும். மோதிர விரல் 4-க்கும் சுண்டு விரல் 5-க்கும் போகும்.

ஆனால் இதை 2-வது ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். மேலே சொன்ன கணக்கு இதற்குத்தான். 7-7-9-10 என்று பிடியுங்கள், ஜி மேஜர். அது சுத்தமாக வந்த பிறகு 5-5-7-8, எஃப் மேஜர். அங்கிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி டி-க்கு வாருங்கள். கட்டை விரலின் அடியில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு பழகுவது வீரம் இல்லை. 17 ஃப்ரெட் உள்ள சிறிய வாத்தியத்தில் இந்தத் தூரம் இன்னும் குறையும்.

ஜாஸ் பாணியில் தட்டிவிட்டு உடனே சத்தத்தை அடக்குவார்கள். எல்லா விரலும் தந்தியில் இருக்கும் இந்த வடிவங்களில் பிடியைத் தளர்த்தினால் சத்தம் நின்றுவிடும், தந்தியை விட்டு விரலை எடுக்கக் கூடாது. கட்டை விரல்தான் தளர மறக்கும். அப்போது நாலாவது தந்தி மட்டும் தனியாக ரீங்கரித்துக்கொண்டிருக்கும்.

எங்கே வேண்டாம்?

வேகமான மெட்டு வாசிக்கும்போது கட்டை விரல் பின்னாலேயே இருக்கட்டும். மேலே இருந்தால் உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுண்டு விரலின் நீளம் குறைந்துவிடும். கழுத்து சட்டத்தோடு சேரும் இடத்துக்குப் பக்கத்திலும் இது நடக்காது, அடிக்கட்டை தடுக்கும்.

ஐரிஷ் இசைக்காக வாங்கியவர்களின் வாத்தியம் ஜி, டி, ஏ, ஈ என்று இருக்கும், வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. தி டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா பரப்பிய ட்யூனிங் அது. விரல் வடிவங்கள் எல்லாம் அப்படியே, பெயர் மட்டும் மாறும்: 2-0-0-2 டி மேஜர், 2-0-2-2 பி மைனர் 7, 0-0-2-3 ஜி மேஜர், 2-2-4-3 ஏ 7. நாலாவது தந்தி அங்கே இன்னும் தடிமன் என்பதால் கட்டை விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்.