மதுரைக்கு மத்தியானம் வந்து இறங்குனா என்ன பண்ணலாம்

மதுரைக்கு வர்றவங்க நெறைய பேர் ஸ்டேஷன்ல இறங்குனதும் ஆட்டோ புடிச்சு நேரா மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவாங்க, அங்க போய் பாத்தா நடை சாத்தியிருக்கும். மத்தியானம் 12.30க்கு சாத்துனா 4 மணிக்குத்தான் தொறப்பாங்க. அந்த மூணரை மணி நேரத்தை ரூம்ல தூங்கிக் கழிக்காதீங்க, பழைய மதுரையை நடந்து பாக்க அதுதான் நேரம். சித்திரை, வைகாசி வெயில்ல மட்டும் இந்த வேலை வேணாம், மயக்கம் போட்டு விழுந்துருவீங்க.

மேப் பெருசா தேவைப்படாது. நடுவுல கோயில், அதைச் சுத்தி சதுரம் சதுரமா வீதிங்க. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளயே இருக்கு, வெளிய வந்தா சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், மாசி, கடைசியா வெளி வீதி. மாசி வீதியிலதான் சித்திரைத் திருவிழா தேர் ஓடும், என்னடா கணக்குன்னு குழம்ப வேணாம், மீனாட்சி கல்யாணம் முன்னாடி மாசியிலதான் நடந்துச்சாம், திருமலை நாயக்கர்தான் அதை சித்திரைக்கு மாத்துனாருன்னு சொல்வாங்க. நம்ம வெளிய இருந்து உள்ள போவோம், அப்பதான் கோயிலுக்குப் போய் சேர்றப்ப நடை தொறந்திருக்கும்.

ஸ்டேஷன் இருக்குற மேல வெளி வீதியில ஆரம்பிங்க. இந்த வெளி வீதி இருக்குற எடத்துலதான் ஒரு காலத்துல கோட்டை மதிலும் அகழியும் இருந்துச்சு. 1840கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன், மதிலை இடிச்சு அகழியை மூடுறவங்களுக்கு அந்த நெலத்தையே குடுத்து ஊரை விரிச்சுட்டாரு. அந்த வேலையைப் பாத்த மாரட், பெருமாள் மேஸ்திரி ரெண்டு பேர் பேரும் இன்னும் தெருப் பேரா இருக்கு, போற வழியில போர்டைப் பாருங்க. டவுன் ஹால் ரோடு வழியா மேல மாசி வீதிக்கு வந்தா 251ஆம் நம்பர்ல ஒரு கதர் கடை இருக்கும். 1921 செப்டம்பர் 22 அன்னிக்கு காந்தி சட்டை, தலைப்பாகையெல்லாம் விட்டுட்டு அரை வேட்டிக்கு மாறுனது இந்தக் கட்டடத்துலதான்.

அங்கிருந்து தெற்கு மாசி வீதி. ரெண்டு பக்கமும் ஜவுளிக்கடை, கூட வீட்டுக்காரம்மா இருந்தா ஒரு மணி நேரம் சேத்து வச்சுக்கோங்க, சுங்குடி சேலையைப் பாக்காம நகர மாட்டாங்க.

வீதி முடியிற எடத்துல விளக்குத்தூண். பிளாக்பர்னுக்கு நன்றியா நட்டு வச்ச விளக்குதான், ஆனா பாதிப் பேருக்கு அது ஜிகர்தண்டாவுக்கு அடையாளம், அவ்ளோதான். சுண்டக் காச்சுன பாலு, வழவழன்னு கடல்பாசி, நன்னாரி சர்பத், மேல ஒரு கரண்டி ஐஸ்க்ரீம். கலக்காம மேல இருந்து திங்க ஆரம்பிச்சா கடைசியில வெறும் சர்பத்துதான் மிஞ்சும், அடி வரைக்கும் ஸ்பூனை விட்டுக் கலக்கிட்டுக் குடிங்க.

பக்கத்துச் சந்துல பத்துத் தூண். நாயக்கர் அரண்மனையில மிஞ்சுன பத்து கல்தூணு, கடைங்களுக்கும் பைக்குங்களுக்கும் நடுவுல அம்போன்னு நிக்குது. எனக்கு திருமலை நாயக்கர் மஹாலை விட இதுதான் புடிக்கும், ஏன்னா அரண்மனை எவ்ளோ பெருசா இருந்திருக்கும்னு இங்க நின்னாத்தான் ஒறைக்கும். அடுத்து மஹால், சாயங்காலம் 5 மணிக்கு மூடிருவாங்க, அதனால 3 மணிக்காவது உள்ள போயிருங்க. 1636ல கட்டுனது, இப்ப நம்ம பாக்குறது மொத்தத்துல கால்வாசிதான், நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்கு தலைநகரை மாத்துனப்ப இங்கிருந்து நெறைய பேத்து எடுத்துட்டுப் போயிட்டாரு. தூணு ஒவ்வொண்ணும் ஒரு ஆள் கட்டிப் புடிக்க முடியாத பருமன், அதுல பேரு கிறுக்கி வச்சிருக்குற காதல் ஜோடிங்களைத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல.

வெளிய வந்து கீழ மாசி வீதி, மளிகை மொத்தக் கடைங்க, மூட்டை தூக்குறவங்களுக்கு வழி விட்டு ஓரமா நடங்க. எழுகடல் தெரு பக்கம் திரும்புனா ராய கோபுரம், திருமலை நாயக்கர் ஆரம்பிச்சு முடியாமப் போனது, அடித்தளத்தோட சைஸைப் பாத்தாலே முடிஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தெரியும். எதுத்தாப்புல புது மண்டபம். முன்னாடி டெய்லருங்க, பாத்திரக் கடை, புக்கு கடைன்னு உள்ள ஜேஜேன்னு இருக்கும், அந்தக் கடைங்களையெல்லாம் பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க.

இப்ப மணி நாலரை ஆயிருக்கும், கிழக்கு கோபுரம் எதுக்கதான் நிக்கிறீங்க. சித்திரை வீதியில வண்டி விட மாட்டாங்க, நிம்மதியா ஒரு சுத்து சுத்தலாம். 2018ல கோயிலுக்குள்ள தீப்புடிச்சதுக்கு அப்புறம் உள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது, வெளிய லாக்கர்ல குடுத்துட்டு டோக்கனை பத்திரமா வைங்க. டவுசர் போட்டுட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க, பையில ஒரு வேட்டி வச்சுக்கோங்க.