ஒரே இடம், மூன்று நிறம்: நிலக்காட்சியில் கை பிடிபட

தனி நடை வேண்டும் என்று நிலக்காட்சி ஓவியர்கள் பலரும் தேடுவது தூரிகை வீச்சில். எதை அழுத்திக் காட்டுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் அது ஒளிந்திருக்கிறது. வாட்டர்கலரில் அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு.

நினைத்தபோது போய்வரக்கூடிய ஓர் இடம் போதும். அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. வானம், தொலைவு, நடுவில் மரம், முன்னால் தரை இருந்தால் சரி. அங்கேயே நின்று வேறு வேறு வேளைகளில் 30 படம் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள், 10 × 15 செ.மீ. துண்டுகள். ஒரு படத்துக்கு 25 நிமிடம். அதற்குமேல் நிழல் நகர்ந்துவிடும், நினைவிலிருந்து ஒப்பேற்றத் தொடங்குவீர்கள். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வரைந்த மேகப் படங்கள் பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எல்லாம் குறித்து வைத்தார். நீங்களும் குறியுங்கள், பின்னால் உதவும்.

முதல் ஐந்து நிமிடம் பென்சில் மட்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரம் கரைந்து வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை மூன்று நான்கு அடர்த்திகள்தான் மிஞ்சும். அவற்றைத் திட்டுத்திட்டாக நிரப்புங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் தட்டையாகத்தான் நிற்கும்.

நிறம் மூன்று: அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). முதல் இரண்டும் சேர்ந்தால் சாம்பலிலிருந்து கறுப்புக்குப் பக்கம் வரை போகும். நீலமும் ஓக்கரும் மங்கிய பச்சை தரும். டியூபிலிருந்து அப்படியே எடுக்கும் பச்சையைவிட அது மரத்துக்குப் பொருந்தும்.

வானத்தை முதலில் போடுங்கள். ஈரத் தாள் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்கும்வரை நிறம் சேர்க்கலாம். மினுக்கம் போய் மங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆபத்து. அப்போது ஈரத் தூரிகை பட்டால், தண்ணீர் நிறத்தை வெளியே தள்ளி, காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிவிடும். கை வைக்காமல் முழுக்கக் காயவிடுங்கள்; தேய்த்தால் இன்னும் கெடும். பிறகு தொலைவிலிருந்து முன்னோக்கி வாருங்கள். தொலைமலை பொதுவாக வெளிறி நீலம் தட்டும், ஆனால் மாலைப் புழுதியில் அதுவே செம்மண் நிறமாகத் தெரியும். பார்க்காமலே நீலத்தைத் தொட்டால் அது பழக்கதோஷம், நடை அல்ல.

பத்துப் படம் சேர்ந்ததும் தரையில் பரப்பி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளைப் படமும் எடுங்கள், அடர்த்திப் பிழையை அது உடனே காட்டிக்கொடுக்கும். யோசிக்காமலே திரும்பத் திரும்பச் செய்திருப்பது என்ன? தொடுவானம் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறதா, முன்தரை காலியாகவே கிடக்கிறதா? வேண்டியதை அடுத்த பத்தில் மிகைப்படுத்துங்கள், வேண்டாததை வேண்டுமென்றே தவிருங்கள்.

பெரிதாக்கும்போது தூரிகையையும் பெரிதாக்குங்கள். 38 × 56 செ.மீ. தாள் என்றால் நீளம், அகலம் இரண்டுமே ஏறக்குறைய நாலு மடங்கு. சின்னதில் ஒரே தொடுப்பில் நின்ற மரத்தை, அதே தூரிகையால் இருபது தொடுப்பில் கட்டினால் உயிர் போய்விடும்.