நகைச்சுவை மிகுபுனைவு: புதிய எழுத்தாளரை எந்த நூலில் தொடங்குவது?

மிகுபுனைவை (ஃபேன்டசி) நகைச்சுவையாக எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டை இரண்டு முறை பாதியில் கைவிட்டேன். மூன்றாவது முறைதான் பிடிபட்டார். தட்டு வடிவ உலகம் ஒன்றில் நடக்கும் அவருடைய டிஸ்க்வேர்ல்டு வரிசையில் 41 நாவல்கள். 1983 முதல் 2015 வரை வெளிவந்தவை. அந்த மலையடிவாரத்தில் விழித்துக்கொண்டு நிற்பவர்களுக்காக நான் தட்டுத் தடுமாறிக் கண்ட வழியை எழுதுகிறேன். இந்த வகையில் எழுதும் மற்றவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: நூல் பட்டியலை எடுத்து, எந்த நூலில் எந்தப் பாத்திரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்புக்குறிகள் போட்டு ரசிகர்கள் வரைந்த படங்கள் கிடைக்கும். எனக்கு அவை ஆகாது. பார்த்தாலே படிக்கும் ஆசை போய்விடுகிறது. ஒரு துண்டுக் காகிதமும் நாலைந்து பெயர்களும் போதும்.

படி 2: முதல் நூலைத் தள்ளி வையுங்கள். நான் விழுந்த குழி இதுதான். முதலில் வந்ததை முதலில் படிப்பதுதானே முறை என்று 'தி கலர் ஆஃப் மேஜிக்' நூலை எடுத்தேன். அது அதற்கு முன்பு வந்த வாள்வீச்சு, மந்திரவாதக் கதைகளைக் கிண்டல் செய்யும் நூல். அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. மூலக்குரல் தெரியாமல் மிமிக்ரி கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு, நாயகன் உலகின் விளிம்பிலிருந்து கீழே விழுவதோடு நூல் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. மிச்சக் கதைக்கு 1986இல் வந்த அடுத்த நூலுக்குப் போக வேண்டும். நான் போகவில்லை.

என்னைக் காப்பாற்றியது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989). அந்தக் கதை நடக்கும் நகரத்தில் திருடர்களுக்கு முறையான சங்கம் உண்டு. சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமும் உண்டு. நகரக் காவல்படையில் புதிதாகச் சேரும் கேரட் என்ற இளைஞன் பழைய சட்டப் புத்தகத்தை வரிக்கு வரி நம்புகிறவன். வந்த வேகத்தில் திருடர் சங்கத் தலைவரையே திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்துவிடுகிறான்! இதற்குச் சிரிக்க நீங்கள் வேறெந்த நூலையும் படித்திருக்க வேண்டாம். அவனுடைய சுபாவமே சிரிப்பு மூட்டுகிறது. எந்த எழுத்தாளரை எடுத்தாலும் இப்படிப்பட்ட நூலைத் தேடுங்கள். அது முதல் நூலாக இருப்பது அபூர்வம்.

படி 3: அச்சு நூலாக வாங்குங்கள். பழைய பிரதியானாலும் சரி. இரண்டாவது முறை நான் 'மோர்ட்' (1987) நாவலை மின்நூல் கருவியில் படித்தேன். பிராட்செட்டின் சிரிப்பில் கணிசமான பங்கு அடிக்குறிப்புகளில் இருக்கிறது. கடுகளவு நட்சத்திரத்தை விரலால் தொட்டால் பக்கம் புரண்டுவிடும். சரியாகத் தொட்டால் நூலின் கடைசிக்குக் கொண்டுபோய் விடும். திரும்பி வருவதற்குள் எந்த வாக்கியத்தில் இருந்தோம் என்பது மறந்திருக்கும். நகைச்சுவைக்கு நேரம்தான் உயிர். அச்சு நூலில் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேலை முடிந்தது.

படி 4: புரியாத சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். அகராதி பிறகு. முதல் நூலில் ஒரு விடுதிக்காரர் 'இன்-சூயர்-ஆன்ட்ஸ்' என்கிறார். விடுதி, சாக்கடை, எறும்பு என்று அகராதியில் பொருள் பார்த்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: இன்ஷூரன்ஸ்! அதுவரை கேள்விப்படாத தீக்காப்பீடு அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. காளமேகத்தின் சிலேடையைப் பிரித்துப் பிரித்துப் படித்துப் பழகியவர்கள், இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 5: அறுபது பக்கம் படித்தும் உதடு அசையவில்லை என்றால் நூலை மாற்றுங்கள்; எழுத்தாளரை மாற்ற அவசரப்படாதீர்கள். பிடித்துவிட்டால் அதே பாத்திரங்களின் அடுத்த கதைக்குப் போங்கள். கேரட்டுக்கு அது 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993). முதல் நூலுக்கு அதன் பிறகு திரும்பலாம். நான் திரும்பினேன், இந்த முறை சிரித்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தொடங்கிய இருவர், அத்தியாயமே இல்லையே, எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். டிஸ்க்வேர்ல்டு நாவல்களில் பெரும்பாலானவை அப்படித்தான். காட்சி மாறுமிடத்தில் சிறு இடைவெளி இருக்கும். அங்கே பக்க அடையாளச் சீட்டைச் செருகுங்கள். இன்னொருவர், 'மோர்ட்'டில் ஒரு பாத்திரத்தின் பேச்சு மட்டும் மேற்கோள்குறி இல்லாமல், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது, பிரதியை மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம். பேசுவது மரணம் என்ற பாத்திரம், அவர் குரலே அப்படித்தான்.