பழைய ப்ளூ நோட் தட்டு வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்

பழைய ஜாஸ் இசைத்தட்டு (எல்பி) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அட்டையைத்தான். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டு என்றால் கேட்கவே வேண்டாம். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்களும் ரீட் மைல்ஸ் எழுத்துகளை அடுக்கிய விதமும் ஆளை அப்படியே நிறுத்திவிடும். அடுத்து கண் லேபிளுக்குப் போகும். நான் இந்த இரண்டையும் அப்புறம்தான் பார்ப்பேன். தட்டை உறையிலிருந்து உருவி, விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தைப் பார்ப்பேன். டெட் வாக்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். அட்டையை மாற்றி வைக்கலாம். ஆலையில் மிஞ்சிக் கிடந்த பழைய லேபிளைப் புதுத் தட்டில் ஒட்டியிருக்கலாம். அந்த வளையத்தில் பொறித்ததை மட்டும் பின்னால் யாரும் மாற்ற முடியாது.

நான் நியூ ஜெர்சிவாசி. இந்தத் தட்டுகள் பிறந்த மண் இதுதான். 1939-இல் பெர்லினிலிருந்து வந்திருந்த ஆல்ஃபிரட் லயன் ப்ளூ நோட்டைத் தொடங்கியது நியூயார்க்கில் என்றாலும், 1950-களின் நடுவிலிருந்து அதன் பெரும்பாலான இசையைப் பதிவு செய்தவர் இந்தப் பக்கத்து ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். மற்ற நேரத்தில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு. 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டிய பிறகுதான் அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலை இருந்தது நார்த் பிளெயின்ஃபீல்டில். யூனியன் பக்கத்திலிருந்து 22-ஆம் எண் சாலையில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போகும் தமிழர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். ஒவ்வொரு முறையும் வீட்டாரிடம் இதைச் சொல்லாமல் என்னால் அந்த இடத்தைக் கடக்க முடிவதில்லை.

வளையத்தில் முதலில் தேட வேண்டியது பிளாஸ்டிலைட்டின் குறி. வளைத்து எழுதிய ஆங்கில 'பி' எழுத்துதான். பார்வைக்குக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பவர்கள் எல்லோரும் 'காது' என்றே சொல்கிறார்கள். சின்னதாக, மெல்லியதாக இருக்கும். நேராகப் பிடித்தால் தெரியாது. ஒற்றை பல்பு வெளிச்சத்தில் தட்டை மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று மின்னி மறையும். கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் போதும். இரண்டு பக்கத்திலும் பார்த்துவிடுங்கள். அடுத்து வான் கெல்டரின் குறி. பழைய தட்டுகளில் 'ஆர்விஜி' என்று கையால் கீறியிருப்பார். பின்னாளில் அதையே முத்திரையாகக் குத்தினார். அதன் பிறகு 'வான் கெல்டர்' என்று முழுப்பெயர் முத்திரை வந்தது. அந்தத் தட்டுக்கான லாக்கரை, அதாவது அச்சு எடுக்க முதலில் தடம் வெட்டும் தாய்த் தட்டை, வெட்டியது அவர் கைதான் என்பதற்கு இதுவே சான்று.

1960-களின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கியது. அச்சு வேலை வேறு ஆலைகளுக்குப் போனது, காதும் அதோடு போனது. ஆனால் பழைய லேபிள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. லிபர்ட்டி அவற்றை வீணாக்காமல் புதுத் தட்டுகளில் ஒட்டி விற்றது. அதனால் 'நியூயார்க் யுஎஸ்ஏ' என்று போட்ட லேபிளோடு, ஆனால் காது இல்லாமல், ஏராளமான தட்டுகள் சந்தையில் சுற்றுகின்றன. ஒரு தட்டுச் சந்தையில் இப்படித்தான் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ஒரு தட்டில் 'முதல் பதிப்பு' என்று விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். லேபிள் சரி, அட்டை சரி. சாய்த்துப் பார்த்தால் வான் கெல்டர் முத்திரை இருக்கிறது, காதைக் காணோம். கடைக்காரரிடம் டார்ச்சைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தவர், மறுபேச்சில்லாமல் சீட்டைக் கிழித்துவிட்டுப் பாதிக்கும் கீழே விலை சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

ஏன் வாங்கினேன் என்றால், இசைக்காகத் தட்டு சேர்ப்பவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. லிபர்ட்டி காலத்துத் தட்டாக இருந்தாலும் வான் கெல்டர் முத்திரை இருந்தால், அவர் வெட்டிய லாக்கரிலிருந்து வந்த அச்சுதான் அது. ஒலியில் முதல் பதிப்புக்கு மிக நெருக்கமாக நிற்கும், விலையோ அதில் ஒரு சிறு பங்குதான். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தத் தட்டுகளைத்தான்.

லேபிளை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதில் உள்ள முகவரி காலத்தைக் காட்டும். 1957 தொடக்கம் வரை 767 லெக்சிங்டன் அவென்யூ. 1957-இல் 47 வெஸ்ட் 63-ஆம் தெரு. முதலில் 'என்ஒய்சி' என்று முடியும், அப்புறம் 'நியூயார்க் 23'. 1959 வாக்கில் அதே முகவரியோடு 'இன்க்' என்ற சொல்லும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் சேர்கின்றன. 1962 வாக்கிலிருந்து வெறும் 'நியூயார்க் யுஎஸ்ஏ'. பின்னட்டையில் 43 வெஸ்ட் 61-ஆம் தெரு என்றும் லேபிளில் 47 வெஸ்ட் 63 என்றும் இருந்தால் அட்டை மாறிவிட்டது என்று பதற வேண்டாம். அலுவலகம் இடம் மாறிய பிறகும் லேபிளில் பழைய முகவரியே ஓடியது. லேபிளில் வட்டமாக அழுந்தியிருக்கும் டீப் குரூவைப் பெரிய அடையாளமாகப் பேசுவார்கள். பழைய அச்சு வார்ப்பு விட்ட தடம் அது. 1960-களின் தொடக்கத்துக்குப் பிறகும் பழைய வார்ப்புகளை அவ்வப்போது பயன்படுத்தியதால், சில தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அதை மட்டும் வைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி தட்டின் நிலை. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். தரத்தைச் சொல்ல மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), குட் என்று ஒரு வரிசை இருக்கிறது. பெயரை நம்பி ஏமாற வேண்டாம்: 'குட்' என்றால் கேட்கவே முடியாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துத் தரம் போடுகிறவர்களே அதிகம். ஜாஸ் தட்டுக்கு அது போதாது. 1950-களின் பிளேயர்களில் ஊசிக்கை கனமாக இருந்தது. தேய்ந்த ஊசியோடு நூறு முறை ஓடிய தட்டு மேலோட்டமாகப் பளபளவென்றே இருக்கும். தடத்தின் சுவர் மட்டும் உள்ளுக்குள் சிதைந்திருக்கும். டிரம்பெட் உச்சிக்குப் போகும் இடத்திலும் பியானோவை ஓங்கி அடிக்கும் இடத்திலும் ஒலி கிழியும். கிளீனிங் மிஷினில் போட்டாலும் அது போகாது. கடையில் கேட்டுப் பார்க்க விட்டால் முதல் பாட்டைப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைப் போடுங்கள். மையத்துக்குப் பக்கத்தில் ஊசிக்கடியில் தடம் மெதுவாக ஓடி, ஒலி அலைகள் நெருக்கி அடைபட்டிருப்பதால் தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும்.

கேட்டுப் பார்க்க வழியில்லையா? நடுத்துளையைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது துளை தேடித் தடவிய கோடுகள் லேபிளில் நிறைய ஓடினால், அந்தத் தட்டு ரொம்ப உழைத்திருக்கிறது. கீறலை நகத்தால் மெல்லத் தடவுங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் ஊசிக்கும் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் சுற்றுக்கு ஒரு முறை 'டக்' உறுதி. மெல்லிய சடசடப்பை நான் பொறுத்துக்கொள்வேன். கிழியும் ஒலியை மட்டும் ஏற்பதில்லை, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

இனி மறுபதிப்புகள். முதல் பதிப்பு வைத்திருப்பவர்களில் சிலர் மறுபதிப்பைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாஸில் மறுபதிப்பு என்பது சேகரிப்பு ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கிறது. 1930-களின் நடுவிலேயே, நியூயார்க் கமடோர் கடையின் மில்ட் கேப்ளர், சந்தையில் இல்லாமல்போன தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிட்டார். மூலப் பதிப்பே தவறாக வந்ததும் உண்டு. 1959-இல் கொலம்பியா வெளியிட்ட மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைப் பாருங்கள். பதிவின்போது டேப் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1990-களின் மறுபதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

மறுபதிப்பு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டியது? '180 கிராம்' என்ற ஸ்டிக்கர் எடையைச் சொல்லும், ஒலியைச் சொல்லாது. ப்ளூ நோட்டே 2019 முதல் வெளியிடும் டோன் போயட் வரிசையை ஜோ ஹார்லி மேற்பார்வையில் கெவின் கிரே மூல அனலாக் டேப்பிலிருந்து வெட்டுகிறார். டெட் வாக்ஸில் அவருடைய 'கேபிஜி' குறி இருக்கும். கிளாசிக் வினைல் வரிசைக்கும் அவரே. அட்டை எளிமையாக, விலையும் குறைவாக இருக்கும். வான் கெல்டர் அந்தக் காலத்துச் சாதாரண பிளேயரில் ஊசி துள்ளாமல் ஓட வேண்டுமென்று பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கொஞ்சம் அடக்கி, ஒலியை முன்னால் தள்ளி வெட்டியிருப்பார். இந்தப் புதுத் தட்டுகளில் பால் சேம்பர்ஸ் வாசிக்கும் பேஸ் வாத்தியம் முழு உடம்போடு கேட்கும். இரண்டும் இரண்டு சுவை. எனக்கு இரண்டுமே வேண்டும்.

பழைய மறுபதிப்புகளில் ஜப்பானின் கிங் நிறுவனம் 1970-களின் கடைசியிலிருந்து 1983 வரை அச்சிட்டவை துளி இரைச்சல் இல்லாமல் ஓடும். பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, கன்டெம்பரரி என்ற நிறுவனங்களின் இசைக்கு ஃபேன்டசி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசை இன்றைக்கும் மலிவு. பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்ச் மாதிரி கடைகளில் நான் முதலில் துழாவுவது அவற்றைத்தான். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 2013-இல் 50-லிருந்து 70 ஆண்டுகளாக நீட்டினார்கள். ஆனால் 1963-க்கு முன் வெளிவந்தவை அதற்குள் பொதுச்சொத்தாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படி வருவனவற்றில் டேப் எது என்று எங்கும் சொல்லாத தட்டை நான் தொடுவதில்லை. பல நேரம் சிடியிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

78 வேகத் தட்டுகள் தனி உலகம். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். அவை ஷெல்லாக்; ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மேற்பரப்பே கரைந்துவிடும். தடம் அகலம் என்பதால் எல்பி ஊசி உதவாது, 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் 1923-இல் கிங் ஆலிவரும் இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பதிவு செய்த ஜெனட் நிறுவனத் தட்டு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், அதன் மேட்ரிக்ஸ் எண்ணை (ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் இட்ட எண்) சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலவசத் தரவுத்தளத்தில் தேடுங்கள். பதிவு தேதியும் பெரும்பாலும் வாசித்தவர்களின் பெயர்களும் அங்கேயே கிடைக்கும்.

மற்ற சேகரிப்பாளர்களோடு தட்டுகளை மாற்றிக்கொள்வதில் என் வழக்கம் இது. டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தையில் விற்பவர்கள் கேட்கிற விலையை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதே பதிப்பு, அதே தரத்தில் உண்மையில் விற்ற விலையைத்தான் பார்ப்பேன். எதிராளிக்கும் அதே அளவுகோல். அட்டைப் படத்தோடு இரண்டு பக்க டெட் வாக்ஸ் படமும் அனுப்புவேன், அவரிடமும் கேட்பேன். கடைசிப் பாட்டின் ஒரு நிமிட ஒலியைப் பதிந்து அனுப்புங்கள் என்றால் நல்ல சேகரிப்பாளர் யாரும் மறுத்ததில்லை. தயங்குபவரிடம் நான் மாற்றிக்கொள்வதில்லை. என் தட்டில் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில் 'டக்' வருகிறது என்பதையும் எழுதிவிடுவேன். அதனால் ஒன்றிரண்டு பேர் வேண்டாம் என்று விலகலாம். வாங்குகிறவர் திரும்பவும் உங்களிடமே வருவார்.

அனுப்பும்போது தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். வழியில் பெட்டி விழுந்தால், தட்டின் விளிம்பு உள்ளிருந்து இடித்து அட்டையின் ஒட்டிய ஓரத்தைப் பிளந்துவிடும். அறுபது வருடம் தாங்கிய அட்டைக்கு அந்த ஒரு இடி போதும். தட்டைப் புது உள்ளுறையில் போட்டு அட்டைக்குப் பின்னால் வையுங்கள். பழைய உள்ளுறையை எறியாமல் அட்டைக்குள் வையுங்கள், அதுவும் பதிப்பின் அடையாளம்தான். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் கெட்டியான அட்டை கொடுத்து, எல்பிக்கென்றே விற்கிற பெட்டியில் ஆடாமல் அடையுங்கள். அமெரிக்காவுக்குள் என்றால் தபால் நிலையத்தில் 'மீடியா மெயில்' என்று கேளுங்கள், செலவு குறையும். ஆனால் அது மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் தபால் வண்டிக்குள் நாள்கணக்கில் கிடந்தால் தட்டு வளைந்துவிடும். விலை உயர்ந்தது என்றால் அந்த மாதங்களில் கூடுதலாகக் கொடுத்து வேகமான தபாலில் போடுங்கள், அல்லது செப்டம்பர் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.